அமாவாசைக்கு ஒரு பேப்பர்

“பழைய பேப்பர்தானேம்மா, அதுக்குப் போயி இந்தக் கத்து கத்தறியே?”

எங்க தெருவுல இதை என்கிட்ட சொல்லாத ஆளே கிடையாது. எதிர்வீட்டு அக்கா சொன்னாங்க. பால் ஊத்தறவரு சொன்னாரு. எங்க அம்மாவே சொன்னாங்க. இன்னிக்கும் யாராவது அந்தப் பேச்சை ஆரம்பிச்சா எனக்கு உச்சந்தலைக்கு சுர்ருன்னு ஏறும். பழசுதான். பழசுன்னா குப்பைன்னு யாரு சொன்னது? நுழைவுத் தேர்வுக்குப் படிக்கிறவளுக்குப் பழைய பேப்பர்னா என்னான்னு இவங்க எல்லாரையும் உட்கார வச்சு ஒரு தடவை சொல்லியிருக்கணும். நான் சொல்லல. என் மேல இருக்கற கோபத்தையும் சேர்த்துத்தான் இதை எழுதறேன்.

எனக்கு சட்டம் படிக்கணும்னு வந்தது ஆசையில இல்ல, ரோஷத்துல. நான் பத்தாவது படிக்கிறப்போ எங்க வீட்டு மனைக்குன்னு ஒரு நோட்டீஸ் வந்துது. முழுக்க இங்கிலீஷ். ஒரு எழவும் புரியல. பள்ளிக்கூடத்துல இங்கிலீஷ்ல எண்பது மார்க் வாங்கறவ நான், எனக்கும் புரியல. ரெண்டு வாரம் வீட்ல யாருக்கும் சோறு இறங்கல. அப்புறம் அப்பா என்னையும் கூட்டிக்கினு ஒரு வக்கீல் ஆபீசுக்குப் போனாரு. அந்த ஆளு எங்களை ஒரு மணி நேரம் நிக்க வச்சாரு. காகிதத்தை வாங்கி ரெண்டு நிமிஷம் பார்த்துட்டு, “இது உன்னுது இல்லய்யா, பக்கத்து மனைக்கு வந்தது. கதவு நம்பர் மாறி வந்திருக்குது, போ போ”ன்னாரு. அப்பாவை விட பத்து வயசு சின்னவன். அப்பா கும்பிட்டுட்டு வெளிய வந்தாரு. எங்களுக்கு வராத ஒரு காகிதத்துக்கு ரெண்டு வாரம் பயந்து செத்திருக்கோம், அதைப் படிக்கத் தெரியாத ஒரே காரணத்துக்கு. அன்னிக்கு முடிவு பண்ணதுதான்.

அப்பா யாருன்னு சொல்லிடறேன். பட்டுச் சேலைக்கு டிசைன் அட்டை குத்தறவரு. பார்டர்ல மயில் வருது, யானை வருது, மாங்கா வருதுன்னா அது தறிக்குத் தானா தெரியாது. கட்டம் போட்ட பேப்பர்ல டிசைன் வரைஞ்சு வரும். எந்தெந்தக் கட்டத்துல கலர் இருக்குதோ, அதுக்கு நேரா நீட்டு அட்டையில ஓட்டை குத்தணும். அந்த அட்டைகளைக் கோத்து தறிமேல மாட்டினா, ஓட்டை இருக்கற இடத்துல இழை எழும்பும், டிசைன் விழும். ஒரு ஓட்டை மாறினா மயிலுக்கு மூக்கு போயிடும். எங்கப்பா குத்தின அட்டையில மூக்கு போன மயிலே கிடையாது, அதை நான் யாரு முன்னாலயும் சொல்லுவேன். அம்மா தறியில உட்காருவாங்க. காலையில ஆரம்பிச்சா இந்தப் பக்கம் அப்பாவோட சுத்தி டக் டக்குன்னு, அந்தப் பக்கம் தறி தடக் தடக்குன்னு. எங்க வீடு மட்டுமில்ல, தெரு முழுக்க இதே கதைதான்.

அஞ்சு வருஷ சட்டப் படிப்புக்கு நாடு முழுக்க ஒரே நுழைவுத் தேர்வு. ரெண்டு மணி நேரம், நூத்தி இருபது கேள்வி. பத்தி பத்தியா இங்கிலீஷைக் கொட்டிட்டு அதுக்குள்ளேர்ந்து கேட்பான். ஏ, பி, சி, டின்னு நாலு பதில் இருக்கும், ஒண்ணைத் தேர்ந்தெடுக்கணும். தப்பானா கால் மார்க் கழியும். பன்னெண்டாவது படிக்கிறப்போவே முதல் தடவை எழுதினேன். நெட்ல கிடைச்ச பழைய கேள்வித்தாள் அத்தனையும் போன்ல போட்டுப் போட்டு பதிலைத் தலைகீழா ஒப்பிப்பேன். ஆனா ஒரு பேப்பரையாவது ரெண்டு மணி நேரம் எழுந்திரிக்காம எழுதியிருப்பேனா? எங்க எழுதறது? “இழை அறுந்துபோச்சு, ஒரு கை புடி வா”ம்பாங்க அம்மா. “இந்தக் கட்டத்தை எண்ணிச் சொல்லுமா”ம்பாரு அப்பா. தேர்வு ஹால்ல எண்பதாவது கேள்வியில இருக்கறப்போ மணி அடிச்சுட்டாங்க. மிச்சம் நாப்பது கேள்வியை நான் கண்ணால கூடப் பார்க்கல.

உள்ளூர் காலேஜ்ல பி.காம் சேர்ந்தேன். வீட்ல பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். இன்னும் ஒரே ஒரு தடவை எழுதலாம். கிடைச்சா பி.காமை விட்டுட்டுப் போகலாம். கிடைக்கலன்னா சட்டப் பேச்சே வீட்ல எடுக்கக்கூடாது. அம்மா போட்ட கண்டிஷன் அது, நானும் சரின்னு ஒத்துக்கினேன்.

ஐயம்பேட்டையில ஒரு பொண்ணு சென்னைக்குப் போய் கோச்சிங் படிச்சு சீட்டும் வாங்கிட்டா. அந்தக் கோச்சிங்ல கொடுத்த மாதிரித் தேர்வுப் புத்தகங்கள் அவகிட்ட எழுதாம மிச்சம் இருக்குதுன்னு கேள்விப்பட்டேன். ஷேர் ஆட்டோ புடிச்சு மூணு தடவை போனேன். முதல் தடவை அவ ஊர்லயே இல்ல. ரெண்டாவது தடவை, தேடி வைக்கறேன்னா. மூணாவது தடவை ஏழு புத்தகம் கையில கொடுத்தா. நெட்ல கிடைக்காதது. ஒரு பேனாக் கோடு விழாதது. ஆட்டோவுல குழந்தையை வச்சிருக்கற மாதிரி மடியில வச்சுக்கினு வந்தேன். இந்தப் பேப்பர்ல இருக்கற மதிப்பே நாம அதைப் பார்க்காம இருக்கறதுலதான். ஒரு தடவை பதிலைப் பார்த்துட்டா அந்தக் கேள்வி செத்துப்போச்சு. அப்புறம் அதுல மார்க் வாங்கினா அது படிப்பு இல்ல, ஞாபகம்.

புத்தகத்துக்கு ஒண்ணா ஏழு பேப்பர். கணக்குப் போட்டுப் பார்த்தேன், வைகாசியிலேர்ந்து கார்த்திகை வரைக்கும் ஏழு அமாவாசை. எங்க ஊர்ல அமாவாசை அன்னிக்குத் தறி ஓடாது. அன்னிக்கு மட்டும் எங்க தெருவுல குழாய் சொட்டறது கூடக் கேட்கும். அன்னிக்குக் காலேஜுக்கும் லீவு போட்டுடலாம். அமாவாசைக்கு ஒரு பேப்பர், பத்து மணியிலேர்ந்து பன்னெண்டு மணி வரைக்கும், நிஜத் தேர்வு மாதிரி. வீட்ல சொன்னதும் அப்பாவே வாசல்ல நாற்காலி போட்டு உட்கார்ந்துக்கினு வர்ற ஆளையெல்லாம் திருப்பி அனுப்பினாரு. “பொண்ணு பரீட்சை எழுதுது, அப்புறமா வாங்க.”

வைகாசி அமாவாசைக்கு நாப்பத்தி ஒண்ணு. ஆனி அமாவாசைக்கு நாப்பத்தி நாலு. எனக்கு எழுபதுக்கு மேல வேணும். ரெண்டாவது தடவை மார்க் போட்டுப் பார்த்துட்டுப் பேனாவைத் தூக்கிச் சுவத்துல அடிச்சேன். ஓன்னு அழுதேன். அப்பா வந்து பக்கத்துல உட்கார்ந்தாரு. புத்தகத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாரு. அவருக்கு இங்கிலீஷ் படிக்க வராது, எண்ணும் ஏ, பி, சி, டியும் நல்லாத் தெரியும்.

“பதிலு எங்க இருக்குது இதுல?”

“கடைசிப் பக்கத்துல.”

“கேள்வி இங்க, பதிலு அங்கயா? அதைப் பார்த்துக்கினு எழுதினா என்னா?”

“அதெல்லாம் கூடாதுப்பா. எழுதிட்டுத்தான் பார்க்கணும்.”

“யாரு போட்ட சட்டம் இது?”

“ஐயோ, விடுப்பா!”

அந்த ‘விடுப்பா’வுக்குப் பதிலா பத்து நிமிஷம் பொறுமையா விளக்கியிருந்தா எல்லாமே வேற மாதிரி ஆகியிருக்கும். எனக்கு ஏது பொறுமை? மூஞ்சியைத் திருப்பிக்கினு எழுந்து போயிட்டேன்.

ஆடி அமாவாசை வந்துது. அப்பா விடியக்காலையில குளத்துக்குப் போய், செத்துப்போன பெரியவங்களுக்குத் தர்ப்பணம் கொடுத்துட்டு ஈர வேட்டியோட வந்தாரு. அம்மா அடுப்புல படையலுக்கு வாழைக்காயும் பூசணியும் வச்சிருந்தாங்க. நான் உள் ரூம்ல ஜன்னலோரமா உட்கார்ந்து, வாட்சைக் கழட்டி முன்னால வச்சு, மூணாவது புத்தகத்தை எடுத்தேன்.

முதல் பக்கத்தைத் திருப்பினதும் என் மடியில வெளிச்சம் புள்ளி புள்ளியா விழுந்துது. கரையான் அரிச்சுடுச்சுன்னுதான் முதல்ல நினைச்சேன். அப்புறம் பார்த்தா, முதல் கேள்விக்கு ‘பி’க்கு முன்னால ஒரு ஓட்டை. குண்டுமணி அளவு கூட இல்ல, நல்லா வட்டமா. ரெண்டாவது கேள்விக்கு ‘டி’க்கு முன்னால ஒண்ணு. மூணாவதுக்கு ஏ. கரையானுக்கு இவ்ளோ ஒழுங்கு ஏது? அடுத்த புத்தகத்தைத் திறந்தேன், அதுலயும். அடுத்ததுலயும். எழுதாம வச்சிருந்த அஞ்சு புத்தகத்துலயும், ஒவ்வொரு கேள்விக்கும், சரியான பதிலுக்கு நேரா ஓட்டை. பென்சில்ல குறிச்சிருந்தா ரப்பர் வச்சு அழிக்கலாம். ஓட்டையை எதை வச்சு அழிக்கறது?

தலை நிமிர்ந்து பார்த்தா அப்பா கதவுகிட்ட நின்னுக்கினு சிரிக்கிறாரு.

“பார்த்துட்டியா? நீ காலேஜுக்குப் போனப்புறம் உட்காருவேன். பதினோரு நாளாச்சு. கடைசிப் பக்கத்துல இருந்த பதிலையெல்லாம் அதது இடத்துல ஏத்திட்டேன். அறுநூறு ஓட்டை. ரெண்டு தடவை சரிபார்த்துட்டேன், ஒண்ணு கூடத் தப்பு இருக்காது.”

“எதுக்குப்பா?”

“கண்ணைக் கட்டிக்கினு நெய்யற மாதிரி இருந்துதும்மா நீ பண்ணது. அட்டையே மாட்டாம டிசைன் போடுன்னா எந்தத் தறிக்காரன் போடுவான்? இனிமே நீ அழ வேண்டியதில்ல.”

அதுக்கப்புறம் நான் பேசினதை நினைச்சா இப்பவும் உடம்பு கூசுது. கத்தினேன். “உனக்கு அறிவு இருக்குதாப்பா? தெரியலன்னா கேட்கத் தெரியாதா? என் வாழ்க்கையையே ஓட்டை போட்டு வச்சிருக்கியே! படிக்காத ஆளு கையில எதைக் கொடுத்தாலும் இப்படித்தான் ஆகும்!” அதோட நின்னேனா? கையில இருந்த புத்தகத்தைக் கிழிச்சேன். ரெண்டா, நாலா, எட்டா கிழிச்சு அவரு காலடியில எறிஞ்சேன். வேற நாளா இருந்தா தறிச் சத்தத்துல அடங்கிப் போயிருக்கும். அன்னிக்கு அமாவாசை. தெரு அமைதியா இருந்துது. ஒரு வார்த்தை விடாம எல்லா வீட்டுக்கும் கேட்டுது.

அம்மா கரண்டியோட ஓடி வந்தாங்க. “பெரியவங்களுக்குப் படைக்கிற நாள்ல பெத்தவரைப் பார்த்து என்னா பேச்சுடி பேசற? நாக்கு அழுகிடும்!” வாசல்ல நாலு பேரு கூடிட்டாங்க. அப்போதான் ஆளாளுக்கு ஆரம்பிச்சாங்க, பழைய பேப்பர்தானே, பழைய பேப்பர்தானேன்னு. அப்பா குனிஞ்சு கிழிஞ்ச துண்டையெல்லாம் ஒண்ணு விடாம பொறுக்கி எடுத்துக்கினு போனாரு. அன்னிக்குப் படையல் சாப்பாட்டுல ரெண்டு வாய் வச்சுட்டு எழுந்துட்டாரு.

மறுநாள் காலையில முதல் ஆட்டோவுல ஐயம்பேட்டைக்கு ஓடினேன். அந்தப் பொண்ணு ஹாஸ்டலுக்குப் போயிட்டா. அவங்க அம்மாதான் இருந்தாங்க. “இன்னும் நாலஞ்சு கிடந்துதும்மா. போன வாரம்தான் எடைக்குப் போட்டோம், பழைய பேப்பர்தானேன்னு.” எனக்கு அங்கயே தரையில உட்கார்ந்து தலையில அடிச்சுக்கலாம் போல இருந்துது. வீட்டுக்கு வந்து ஓட்டை மேலயெல்லாம் சின்னச் சின்னதா ஸ்டிக்கர் ஒட்டிப் பார்த்தேன். ஸ்டிக்கர் எங்க இருக்குதோ அங்கதான் பதில். சனியன், ஓட்டையை விட இது இன்னும் பளிச்சுன்னு காட்டுது. புத்தகத்தை மூலையில விட்டெறிஞ்சேன்.

ஆறு நாள் நானும் அப்பாவும் பேசிக்கல. ஏழாவது நாள் அவரா வந்து நின்னாரு.

“பதிலு உனக்குத் தெரியக்கூடாது. அவ்ளோதானே விஷயம்?”

“ஆமா.”

“மிச்சம் நாலையும் நீ பூராவும் பார்த்துட்டியா?”

“இல்ல. அங்கங்க நாலஞ்சு.”

புத்தகத்தை எடுத்துக்கினு போயிட்டாரு. மறுபடியும் டக் டக்குன்னு சத்தம். அட்டை குத்தற வேலைக்கு நடுவுல, அதோட சேர்த்து, மூணு வாரம். ஆவணி அமாவாசைக்கு முந்தின நாள் நாலு புத்தகத்தையும் என் முன்னால வச்சாரு. திறந்து பார்த்தேன். முதல் கேள்வி, ஏ, பி, சி, டி, நாலுக்கும் ஓட்டை. ரெண்டாவதுக்கும் நாலு. நூத்தி இருபதுக்கும் நாலு நாலு. கடைசிப் பக்கத்தை மட்டும் தனியா கிழிச்சு, மடிச்சு, தன் சட்டைப் பையில வச்சுக்கினாரு.

“இப்போ எது பதிலுன்னு எனக்கே தெரியாது. எழுதிட்டு வந்து என்கிட்ட வாங்கிக்கோ.”

எனக்குச் சிரிப்பு வந்துது. சிரிப்பு வந்ததுக்காகவும் கோபம் வந்துது. இவ்ளோ மூளை இருக்கற மனுஷன் முதல்லயே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் இல்ல? மன்னிச்சிடுப்பான்னு சொன்னேன். அந்த நேரம் பார்த்து அம்மா தறி தடதடன்னு ஓடிக்கினு இருந்துது. திட்டினது தெருவுக்கே கேட்டுது, இது அவருக்குக் கேட்டுச்சான்னு எனக்கு இன்னிக்கும் தெரியாது.

ஆவணி அமாவாசை அன்னிக்குப் புதுத் தலைவலி. பேப்பர் ரெண்டு பக்கமும் அச்சடிச்சது. இந்தப் பக்கம் குத்தின ஓட்டை அந்தப் பக்கத்துல எழுத்தைத் தின்னுடுச்சு. ஒரு பத்தியில ‘நாட்’டுங்கற இங்கிலீஷ் சொல்லு இருந்த இடத்துல ஓட்டை. அந்த ஒரு சொல்லு போனா சட்டமே தலைகீழ். கூடாதுன்னு இருந்தது கூடும்னு ஆயிடுச்சு, அதை நம்பி மூணு கேள்வி தப்பு. அப்பாகிட்ட போய்க் குதிச்சேன்.

“குத்தறதுக்கு முன்னால பின்பக்கம் பார்க்க மாட்டியாப்பா?”

“அட்டைக்குப் பின்பக்கம் கிடையாதேம்மா” அப்படின்னாரு, பாவமா.

என்னா சொல்றது இதுக்கு? ஓட்டையில விழுந்த எழுத்து என்னாவா இருக்கும்னு முன்னாடியும் பின்னாடியும் படிச்சுக் கண்டுபிடிச்சுக்கினே எழுதினேன். ஒவ்வொரு வரியையும் சந்தேகத்தோட படிச்சேன். ஆவணியில அம்பத்தி மூணு. புரட்டாசியில அம்பத்தி எட்டு. ஐப்பசி அமாவாசை தீபாவளி. வெளிய சரவெடி வெடிக்குது, நான் உள்ள எழுதிக்கினு இருக்கேன். அறுபத்தி ஆறு. கார்த்திகையில அறுபத்தி ஒம்போது. அப்பா ஒவ்வொரு தடவையும் பன்னெண்டு மணிக்குச் சட்டைப் பையிலேர்ந்து பதில் பக்கத்தை எடுத்து நீட்டுவாரு. மார்க் என்னான்னு கேட்க மாட்டாரு, நானா சொல்ற வரைக்கும் தரையைப் பார்த்துக்கினு நிப்பாரு.

நிஜத் தேர்வுக்குச் சென்னைக்கு அப்பாதான் கூட வந்தாரு. நூத்தி இருபது கேள்வியையும் பார்த்தேன். நேரம் பத்துச்சு. வெளிய வர்றப்போ கிடைச்சுடும்னுதான் நினைச்சேன். ரிசல்ட் வந்துது. எழுபத்தி ஒண்ணு. ஒவ்வொரு லிஸ்ட்டா விட்டாங்க. எங்க பிரிவுல கடைசியா கூப்பிட்டது எழுபத்தி நாலு. மூணு மார்க்.

கடைசி லிஸ்ட் வந்த அன்னிக்கு மத்தியானம் அம்மா தறியில இருந்தாங்க, அப்பா அட்டை குத்திக்கினு இருந்தாரு. நான் நடுவுல போய் நின்னேன். அழல. அழுகை வத்திப் போச்சு. “கிடைக்கல. மூணு மார்க்ல போச்சு. சொன்ன சொல்லு சொன்னதுதான், இனிமே சட்டப் பேச்சு எடுக்க மாட்டேன். பி.காமையே முடிச்சுடறேன்.”

அம்மா தறியை நிறுத்தல. அப்பா கையில இருந்த சுத்தியைத் தூக்கித் தரையில அடிச்சாரு. என் ஆயுசுல அவரு குரல் உசந்து நான் கேட்டதே இல்ல.

“விடறதுக்காடி நான் குத்தினேன்? ரெண்டாயிரத்து நாப்பது ஓட்டைடி! அறிவு இருக்குதான்னு தெருவுக்கே கேட்கற மாதிரி கேட்டே, அதையும் வாங்கிக்கினுதானே குத்தினேன்! நாப்பத்தி நாலுல இருந்தவ எழுபத்தி ஒண்ணுக்கு வந்துட்டு, மூணு மார்க்குக்கு விட்டுடறாளாம்! எவ சொன்னா விடச் சொல்லி?”

அம்மா இப்போ தறியை நிறுத்திட்டாங்க. “நான்தான் சொன்னேன். ஒரே தடவைன்னு பேசி ஒத்துக்கினோம் இல்ல?”

“பேசினா பேசினதுதான், இப்போ மாத்திப் பேசறேன்! என்னா பண்ணுவே?”

எதிர்வீட்டு அக்கா வாசல்ல வந்து எட்டிப் பார்த்துட்டு, அப்பா முகத்தைப் பார்த்ததும் அப்படியே திரும்பிப் போயிட்டாங்க. எனக்கும் அடக்கி வச்சதெல்லாம் பொத்துக்கினு வந்துது.

“எதை வச்சுப்பா எழுதறது? ஒரு பேப்பர் கூட மிச்சம் இல்ல!”

“எங்க கிடைக்கும்னு சொல்லு. சென்னையா, டெல்லியா, எங்கன்னு சொல்லு. நான் போய் வாங்கிக்கினு வரேன்.” மூச்சு வாங்க நின்னாரு. சுத்தியைத் தேடி எடுத்துப் பக்கத்துல வச்சாரு. அப்புறம் என்னைப் பார்க்காம, சன்னமா சொன்னாரு.

“நான் அதுல கை வைக்க மாட்டேம்மா.”